முதுகைக் காட்டிய பென்குயின்

அத்தியாயம் மூன்று

“பென்குயின் ஓடிப்போச்சு சார். தங்கக் காசோட.”

ஏ.சி. ஷோரூம் முதலாளி இதைச் சொன்னது என்னிடம். எங்கள் ஆபீஸ் படியேறி வருகிற எல்லாரும் முதலில் என்னிடம்தான் சொல்வார்கள். எனக்கு மீசை இருக்கிறது, கறுப்புக் கண்ணாடி இருக்கிறது, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டால் ஒரு கோணத்தில் போலீஸ் மாதிரிகூடத் தெரிவேன். மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வந்தவருக்கு உறவுக்காரம்மா போல உட்கார்ந்திருப்பவர்தான் துப்பறிகிறவர் என்பது உறைக்கச் சற்று நேரமாகும்.

அவர் என் சித்தி, அம்மாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டையரானவர். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் மரத்துக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துப் பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்டார். கழுத்தில் இன்னும் விசில் தொங்குகிறது. நான் அவருடைய உதவியாளன். உருப்படாத அக்கா மகன் என்றும் சொல்லலாம். சித்தி அப்படித்தான் சொல்கிறார்.

“நிஜப் பென்குயினா?” என்று கேட்டேன்.

“வேஷம் சார். உள்ள ஆள் இருப்பான். கோடைக்காலத் தள்ளுபடிக்காக வாசல்ல ஆட விட்டிருக்கேன்.”

இந்தப் பென்குயினை நானும் அறிவேன். ஷோரூம் எங்கள் ஆபீஸுக்கு நேர்கீழே. இந்தப் பிளந்து கட்டுகிற வெயிலில், குளிர்ச்சியை விற்பதற்காக ஒரு பென்குயின் வேர்க்க வேர்க்க ஆடுவதைப் பார்த்து, மேலே ஓட்டை ஃபேனுக்கடியில் உட்கார்ந்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். வயிற்றுக்குள் ஒரு ஸ்பீக்கர். “வேர்வைக்கு விடை கொடு, வீட்டுக்குள்ளே பனி கொடு” என்று அது நாள் முழுக்க அலறும். கனவில்கூட வந்துவிட்டது.

“காசு எப்படிப் போச்சு?” சித்தி வாயைத் திறந்தார்.

முதலாளி என்னைப் பார்த்தே பதில் சொன்னார். “குலுக்கல் பரிசுக்கு வெச்சிருந்த காசு சார். காலைல பேப்பர்ல போடறதுக்குப் போட்டோ எடுத்தோம். அலகுல காசைச் சொருகி, பக்கத்துல நான் நின்னேன். போட்டோ முடிஞ்சு பாத்தா காசைக் காணோம். கேட்டா தலையைத் தலையை ஆட்டுது. மத்தியானம் என்னடான்னா திடீர்னு கடைக்குள்ள வந்து, கஸ்டமர் முன்னாடி எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது! வெளிய போய் ஆடுன்னு தள்ளி விட்டேன். ரெக்கையால என்னை ஒரு அறை!”

“அறைஞ்சுதா?”

“அறைஞ்சுது சார். தள்ளாடிட்டே ரோட்ல இறங்கி நடந்தது, அவ்வளவுதான். சரியான குடி. கொஞ்ச நாளா ஒழுங்காத்தான் இருந்தான்.”

“பேசிப் பாக்க வேண்டியதுதானே?”

“பென்குயின் பேசக் கூடாது, தலையைக் கழட்டக் கூடாது, நடுவுல உக்காரக்கூடக் கூடாது. அது என் ரூல். குழந்தைங்க பயந்துடும் பாருங்க. பேசினாலும் அந்தப் பாட்டுல ஒண்ணும் கேக்காது. வேஷம் மாட்டி விடறது எல்லாம் என் பையன் வேலை. அவனும் காலைலேர்ந்து ஆளைக் காணோம். எங்கயாவது சுத்தப் போயிருப்பான், பொறுப்பத்தவன்.”

சித்தி எழுந்து செருப்பை மாட்டினார். “வாடா. கதவளவு அகலத்துல ஒரு பென்குயின். பாட்டு வேற பாடுது. இதைக்கூடக் கண்டுபிடிக்க முடியலைன்னா போர்டைக் கழட்டிடலாம்.”

“போர்டுல என் பேர் இல்லை சித்தி. நீங்களே கழட்டிக்கோங்க.”

தெருவில் இறங்கினோம். தார் இளகி என் செருப்பைப் பிடித்து இழுத்தது. ‘போகாதே, வீட்டுக்குப் போ’ என்று சொல்வது போலிருந்தது. நல்ல புத்தி சொன்னது தார்தான், நான் கேட்கவில்லை.

முதலில் மாட்டியவர் முச்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர்.

“பென்குயினா? பாத்தேனே! நடுரோட்ல வந்து என் முன்னாடி முதுகைத் திருப்பிட்டு நின்னுதுங்க. ‘பாதி விலை, உள்ளே வாங்க’ன்னு முதுகுல எழுதியிருந்தது. படிச்சேன். சரி போன்னேன். போகலை. மறுபடியும் முதுகு. டூட்டில இருக்கறவன்கிட்ட வியாபாரம் பண்றியான்னு விரட்டி விட்டேன். போற போக்குல கம்பத்துல முட்டிச்சு. கம்பத்துக்கும் முதுகைக் காட்டிச்சு.”

“கம்பம் என்ன வாங்கிச்சு?” என்றேன்.

சித்தி என்னை முறைத்தார். பாட்டுச் சத்தம் போன திசையைக் காவலர் கைகாட்ட, ஜூஸ் கடைக்கு நடந்தோம்.

ஜூஸ்கடை அக்காவுக்கு அதை நினைத்தாலே சிரிப்பு தாங்கவில்லை. “ஐயோ, அது பண்ணின கூத்து! கடைக்கு முன்னாடி வந்து, முதுகைத் திருப்பி, குனிஞ்சு குனிஞ்சு காட்டுதுங்க. எல்லாரும் கை தட்டினாங்க. இந்தா பாருங்க, போட்டோ.”

போனை நீட்டினார். நாலைந்து பேர் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் பென்குயினின் முதுகு. பாதி விலை, உள்ளே வாங்க.

“அப்புறம் என் ஐஸ் பெட்டி மேல தலையைச் சாய்ச்சு அப்படியே படுத்துடுச்சு. நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு! வியாபாரம் கெடுதேன்னு நான்தான் தட்டி எழுப்பி அனுப்பினேன்.”

“நேரா நடந்துச்சா?”

“எங்க! கோணல்மாணலா. சிரிச்சு சிரிச்சு வயித்து வலி.”

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. போட்டோவை இன்னொரு தரம் வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைக் கவனித்தேன். கவனித்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “பென்குயின் நாட்டுல முதுகைக் காட்டறதுதான் மரியாதை போல சித்தி. நம்ம ஊர்ல வணக்கம் சொல்ற மாதிரி” என்றேன்.

“வாயை மூடிட்டு வேகமா நட.”

அடுத்த கடை தையல்காரருடையது. அவர் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் பறவையைப் பிடிச்சா என்கிட்ட கொண்டு வாங்க! உள்ள புகுந்து, முதுகைக் கொண்டுவந்து என் மேல இடிச்சுது. தள்ளி விட்டா, மேஜை மேல இருந்த கத்தரிக்கோலை ரெக்கையால தட்டுது. எடுக்க வரலை. தட்டித் தட்டிக் கீழ தள்ளிடுச்சு. கத்தரிக்கோல் முனை போச்சு! அடிச்சுத் துரத்தினேன். என்ன திமிர், எனக்கே முதுகைக் காட்டறதா? அந்த முதுகே நான் தெச்சது!”

“நீங்க தெச்சதா?”

“ஆமாங்க. ஜிப்பு வெளிய தெரியுது, பாக்க அசிங்கமா இருக்குன்னு போன வாரம் முதலாளி சொன்னாரு. அதை மூடி, தூக்கித் திறக்கற மாதிரி ஒரு துணி வெச்சுத் தெச்சு, மேல விளம்பரம் எழுதிக் குடுத்தேன். நீட்டா பண்ணியிருக்கேன், ஜிப்பு இருக்கறதே தெரியாது.”

சித்தி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

“டேய். அந்த ரெக்கைக்குள்ள விரல் இருக்கா?”

“இல்லை. உறை மாதிரி மொழுக்குன்னு இருக்கும்.”

“அப்ப காசை எப்படி எடுப்பான்?”

இது எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருந்தால் போர்டில் என் பெயர் இருந்திருக்கும்.

“காசை விடு. உன் முதுகுல ஜிப்பு. உன் கைக்கு விரல் இல்லை. நீ கத்தினா பாட்டுதான் கேக்குது. உள்ள நீ வெந்துட்டிருக்க. வெளிய வரணும். என்னடா பண்ணுவ?”

பதிலுக்கு ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை என் முதுகை எட்டுமா என்று பார்த்தது.

“அவன் ஓடலைடா. தெருவுல இருக்கற ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் ஜிப்பைத் திறந்து விடுங்கன்னு கெஞ்சியிருக்கான். எல்லாரும் விளம்பரத்தைப் படிச்சிருக்காங்க.”

தையல்காரர் மெஷின் மேல் கையூன்றிக்கொண்டார். “அவன் குடிச்சிருந்தான்னு…”

“குடிச்சவனும் தள்ளாடுவான், மூளைக்குச் சூடு ஏறினவனும் தள்ளாடுவான். அடிக்க வருவான், கம்பத்துல முட்டுவான். ஒரு விளையாட்டு விழால, ஓடி முடிச்ச பொண்ணு ஒருத்தி என்கிட்ட வந்து ‘யாரு நீ’ன்னு கேட்டா. திமிர்னு நினைச்சு ரெண்டு வைக்க இருந்தேன். நல்லவேளை, வெக்கலை. கத்தரிக்கோலை எடுங்க. முனை போனாலும் பரவாயில்லை.”

தெருவுக்கு வந்ததும் காவலரைப் பார்த்து, “ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க! வெப்பத்தாக்குன்னு சொல்லுங்க” என்று கத்தினார்.

“யாருக்கும்மா? ஆளே கிடைக்கலையே!”

“கிடைக்கறதுக்குள்ள அது வந்து நிக்கணும். அப்புறம் வண்டியை எல்லாம் நிறுத்துங்க. இன்ஜினோட.”

சொல்லிவிட்டு விசிலை எடுத்து ஊதினார். எத்தனை பிள்ளைகளைச் சிலையாக நிற்க வைத்த விசில் அது! பஸ் நின்றது. காவலர் நாலு பக்கமும் கை காட்ட, ஆட்டோக்கள் வாயை மூடின. எதற்கு என்று தெரியாமலே தெரு முழுதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

தூரத்தில் கேட்டது. பேட்டரி தீரப்போகிற குரலில், இழுத்து இழுத்து: “வேர்… வைக்கு… விடை… கொடு…”

“ஷோரூமுக்குப் பின்னாடி” என்றேன். அந்தப் பாட்டு எந்தச் சுவரில் பட்டு எப்படித் திரும்பும் என்பது என் தூக்கம் கெட்ட காதுகளுக்கு அத்துப்படி.

ஓடினோம். நான் ஓடினேன் என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் ஓடினேன். சித்தி எனக்கு எவ்வளவு முன்னால் போய்க்கொண்டிருந்தார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஷோரூமுக்குப் பின்னால் ஒரு சந்து. கடைக்குள் குளிரக் குளிர ஓடுகிற அத்தனை ஏ.சி.க்கும் வெளிப்பெட்டிகள் அங்கேதான் வரிசையாக மாட்டியிருந்தன. உள்ளே விற்கிற குளிருக்கு உரிய சூட்டை எல்லாம் அவை சந்துக்குள் ஊதிக்கொண்டிருந்தன. நுழைந்ததும் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. இந்தத் தெருவிலேயே சூடான இடம் குளிர்ச்சி விற்கிற கடையின் பின்வாசல்தான்.

அந்த வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், பென்குயின் குப்புறக் கிடந்தது. முதுகு மேலே. பாதி விலை, உள்ளே வாங்க.

“பிடிங்க அவனை!” என்று கூவிக்கொண்டே முதலாளி பின்னால் ஓடிவந்தார். “காசு எங்கடா? போலீஸ் இருக்கு பாத்தியா?”

“ஐயா…”

குரல் முதலாளிக்குப் பின்னால் இருந்து வந்தது. திரும்பிப் பார்த்தோம். வெடவெடத்துக்கொண்டு, இந்த வெயிலில் ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஒருவர் நின்றிருந்தார். தினமும் பென்குயினுக்குள் இருப்பவர்.

“விசில் சத்தம் கேட்டு வந்தேங்க. எனக்குக் காலைலேர்ந்து குளிர் காய்ச்சல்…”

முதலாளி அவரைப் பார்த்தார். தரையில் கிடந்த பென்குயினைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

“நீ இங்க நிக்கிறேன்னா… உள்ள யாரு?”

ஸ்வெட்டர்காரர் மஃப்ளரால் வாயைப் பொத்திக்கொண்டார். அழ ஆரம்பித்தார்.

அதற்குள் தையல்காரர் தான் தைத்ததைத் தானே கிழித்துவிட்டார். விளம்பரம், ஜிப்பு, ஸ்பான்ஜ், எல்லாம். தலையை இழுத்ததும் உள்ளிருந்து வெந்நீர் ஆவி போல ஒன்று முகத்தில் அடித்தது. நெருப்பாகச் சிவந்த ஒரு முகம். கண் பாதி திறந்திருந்தது. அது முதலாளியைப் பார்த்து, குழறிக் குழறி, ரொம்ப மரியாதையாகச் சொன்னது:

“கடை மூடியாச்சு சார். நாளைக்கு வாங்க.”

முதலாளியின் மகன்.

அவர் அப்படியே முழங்காலில் விழுந்தார். “டேய்… நான்டா. அப்பாடா.”

“அழறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. பின்கதவைத் திறங்க!” என்று சித்தி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். “இந்தச் சூட்டுல ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது.”

முதலாளி சாவிக்கொத்தில் எது என்று தேடினார். காவலர் பிடுங்கித் திறந்தார். ஆளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பளபளக்கும் ஷோரூம் தரையில் கிடத்தினோம். உள்ளாடை தவிர மிச்சத் துணி எல்லாம் போயிற்று. உடம்பைத் தொட்ட என் கை தானாகப் பின்வாங்கியது.

“கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிடலாம்” என்று முதலாளி துடித்தார்.

“ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு. அது வர்ற வரைக்கும் இவனை இங்கயே குளிர வைக்கணும். சூடு உள்ள நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் மூளை, கிட்னி எல்லாம் வேகுது. முதல்ல குளிர்ச்சி, அப்புறம்தான் பயணம். அக்கா, தண்ணி!”

ஜூஸ்கடை அக்கா ஐஸ் பெட்டியையே சுமந்து வந்திருந்தார். உருகின ஐஸ்தண்ணீரை அப்படியே அவன் மேல் சாய்த்தார். பிறகு குடம் குடமாகக் குழாய்த் தண்ணீர். நிறுத்தாமல் ஊற்றச் சொன்னார் சித்தி. ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் வைத்தார். “நீ விசிறு” என்று என்னிடம் எதையோ எறிந்தார். தையல்காரர் அறுத்தெடுத்த முதுகுத் துணி. ‘பாதி விலை’யால் விசிறினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு முழுமனதாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். காவலர் ஒரு டம்ளர் தண்ணீரை அவன் வாயருகே கொண்டுபோனார்.

“குடிக்கக் குடுக்காதீங்க! நினைவு தெளிவா இல்லாதவனுக்கு ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.”

முதலாளி கல்லாவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து வந்தார்.

“இது காய்ச்சல் இல்லைங்க. வெளியிலிருந்து ஏறின சூடு. மாத்திரைக்கு இறங்காது, கெடுதல்தான் பண்ணும்.”

“இவ்வளவு வேர்த்திருக்கேம்மா?” என்றார் தையல்காரர் நம்பிக்கையோடு. “உடம்பு காஞ்சு போனாத்தானே ஆபத்துன்னு சொல்வாங்க?”

“வெயில்ல ஆடிச் சூடேறினவனுக்கு வேர்த்துக் கொட்டும். வேர்வையைப் பாக்காதீங்க, பேச்சைப் பாருங்க. பெத்த அப்பாவையே கஸ்டமர்ங்கறான்.”

அவன் ஓங்கரித்தான். சித்தி சட்டென்று ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைத் துடைத்து, மறுபடி தண்ணீருக்குக் கை காட்டினார். சந்தில் விட்டுவந்த பென்குயின் வயிற்றிலிருந்து இன்னமும் பாட்டு வந்துகொண்டிருந்தது. முதலாளி எழுந்து வெளியே போனார். ஏதோ மிதிபடுகிற சத்தம் கேட்டது. பாட்டு நின்றது.

அந்த அமைதியில், ஸ்வெட்டர்காரர் சுவரோரம் உட்கார்ந்து சொல்லி முடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

“தம்பிதாங்க தினமும் அப்பாவுக்குத் தெரியாம என்னைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு ஜிப்பைத் திறந்து விடுவார். தண்ணி குடுப்பார், காத்தாட உக்கார வெப்பார். அதனாலதான் நான் தாக்குப்பிடிச்சேன். இன்னைக்கு நான் நடுங்கறதைப் பாத்துட்டு, நீங்க போய்ப் படுங்கண்ணே, லீவுன்னா அப்பா வேற ஆளைப் போட்டுடுவார், நான் ஆடறேன்னு மாட்டிக்கிட்டார். ஜிப்பை இழுத்து விட்டு, மத்தியானம் வந்து திறந்து விடறேன்னு சொல்லிட்டுத்தாங்க போனேன். காய்ச்சல்ல அசந்துட்டேன்.”

வாசலில் நின்றிருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஜிப்பைத் திறந்துவிடுகிற ஒரே ஆள் ஜிப்புக்குள் இருந்திருக்கிறான். பழக்கத்தில் பின்வாசலுக்கு வந்திருக்கிறான். திறக்க யாருமில்லை. முன்வாசலிலிருந்து தள்ளிவிட்ட தன் கையைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

“என்கிட்டதான் முதல்ல வந்தான்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. “எனக்குத்தான் முதல்ல முதுகைக் காட்டினான்.”

நான் துணியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். விசிறிக்கொண்டே இருந்தேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் தெருமுனையில் கேட்டபோது பையனின் உடம்பு லேசாக நடுங்கியது. இமைகள் அசைந்தன. தண்ணீரும் ஐஸும் மிதக்கிற தன் கடைத் தரையையும், அதில் முழங்காலிட்டிருந்த அப்பாவையும் அவன் மெதுவாகப் பார்த்தான்.

“அப்பா… டைல்ஸ் எல்லாம் ஈரமாயிடுச்சே.”

முதலாளி அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டு குலுங்கினார். கூடவே ஜூஸ்கடை அக்கா. நான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். மீசைக்காரன் என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

ஆம்புலன்ஸ் ஊழியர் வெப்பத்தை அளந்து பார்த்து, “நல்லா இறக்கி வெச்சிருக்கீங்க. இதைச் செய்யாம வண்டிக்காகக் காத்திருந்தா…” என்று நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைக் கேட்க அங்கே யாருக்கும் தைரியமில்லை.

எல்லாரும் போனபின் சந்துக்குள் கூட்டிப் பெருக்கியது நான்தான். உதவியாளன் என்றால் அதுதான். பென்குயின் தலையைத் தூக்கியபோது உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. அலகுக்குள் விழுந்து, ஸ்பான்ஜ் மடிப்பில் போய் உட்கார்ந்திருந்த தங்கக் காசு. கேஸ் முடிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நீட்டினேன். கேஸ் கொடுத்தவருக்கே அது என்னவென்று உடனே ஞாபகம் வரவில்லை.

பையன் ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தான். கிட்னி, ஈரல் எல்லாம் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். கொஞ்ச காலத்துக்கு வெயிலில் அலையக் கூடாது என்று உத்தரவு. முதலாளி எங்கள் ஆபீஸுக்கு ஒரு ஏ.சி. மாட்டித் தருகிறேன் என்று வந்தார். இந்த முறை சித்தியைப் பார்த்துப் பேசினார். நான் “சரி” என்றேன். அதே நேரத்தில் சித்தி “வேண்டாம்” என்றார். எங்கள் வீட்டில் யார் சொல் செல்லும் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்று காலை படியிறங்கும்போது பார்த்தேன். ஷோரூம் வாசலில் மறுபடியும் பென்குயின். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிட்டே போனால், வெறும் அட்டை. காலை ஊன்றி நிற்க வைத்திருக்கிறார்கள். வேர்க்காது, பாடாது, பசிக்காது. ஸ்வெட்டர்காரர் உள்ளே கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தார்.

பழக்க தோஷம், அட்டையைச் சுற்றிப்போய் முதுகைப் பார்த்தேன். விளம்பரம் எதுவும் இல்லை. சுவரைப் பார்த்த பக்கம். எந்த வாடிக்கையாளர் கண்ணிலும் படாது. ஆனால் கழுத்திலிருந்து வால்வரை, கறுப்பு மையால், கோணல்மாணலாக, வரையத் தெரியாத ஒரு கை பார்த்துப் பார்த்து ஒரு ஜிப் வரைந்திருந்தது.

பாதிவரை திறந்திருந்தது.